காந்தள் விதையும் கால் கட்டைவிரலும்

புரட்டாசி மாதத்துக் காலை. மூலனூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வரப்பில் நின்றிருந்தேன். விராலி மாறும் கிளுவைக் குச்சியும் ஊன்றிக் கம்பி இழுத்த வரிசைகளில் கொடி ஏறிக் கிடந்தது. இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி அடுத்த குச்சியை எட்டிப் பிடிக்கும் கொடி. பூவுக்கு ஆறு இதழ்கள். விரியும்போது பச்சையும் மஞ்சளும், பிறகு ஆரஞ்சு, கடைசியில் முழுச் சிவப்பு. இதழ்கள் அலையலையாய் மேல்நோக்கி வளைந்திருப்பதால், தூரத்திலிருந்து பார்க்க வேலியில் தீப் பற்றியதுபோல் இருந்தது.

ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, கையில் ஒரு குச்சியோடு, ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டு இன்னொன்றின் சூல்முடியில் தடவியபடி பூப்பூவாக நகர்ந்துகொண்டிருந்தார். செங்காந்தளின் சூல்தண்டு நேராக நிற்காது. பக்கவாட்டில் செங்கோணமாக மடங்கி, தன் மகரந்தப் பைகளை விட்டு விலகிக்கொள்ளும். தன் மகரந்தம் தன்மேலேயே விழாமலிருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. காட்டில் பூச்சிகளும் பறவைகளும் பார்த்துக்கொள்ளும் வேலையை, நெருக்கி நட்ட தோட்டத்தில் மனிதக் கைகள் செய்தால்தான் காய் நிறையப் பிடிக்கிறது. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். அருகில் போய் ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தேன்.

"தொட்ட கையோட வாயில கீயில வெச்சுராதீங்க கண்ணு. போறப்ப சோப்புப் போட்டுக் கழுவிப் போடோணும்" என்றார். பிறகு, என்னை ஏதோ படித்தவன் என்று நினைத்திருக்க வேண்டும், "இந்த வெதையெல்லாம் எங்கீங்க போவுது? எதுக்குங்க ஆவுது?" என்று கேட்டார்.

இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

ஒட்டன்சத்திரம், தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி என்று நீளும் அந்த வறண்ட நிலப்பகுதியிலும், கிழக்கே வேதாரண்யம் பக்கத்திலும் பயிராகும் இந்த விதையை வாங்குபவர்கள் மருந்துத் தொழிற்சாலைக்காரர்கள். விதையில் கோல்சிசின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கிலும் உண்டு, விதையில்தான் அதிகம். மனித உடலின் அழற்சியை அடக்கும் தாவரப் பொருள்களில் இவ்வளவு நீண்ட காலம் புழக்கத்தில் இருந்து, இவ்வளவு கடுமையாகச் சோதிக்கப்பட்டு, இன்றைக்கும் மருத்துவர் சீட்டில் எழுதப்படுவது வேறொன்று கிடைப்பது அரிது.

நம் ஊரில் இதற்குப் பெயர்கள் நிறைய. கிழங்கு கலப்பைபோல் கவைத்திருப்பதால் கலப்பைக்கிழங்கு. பூவை உற்றுப் பார்த்தால் கண் நோகும் என்ற நம்பிக்கையால் கண்வலிக்கிழங்கு. ஈழத்தில் கார்த்திகைப்பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் மலர்களில் முதலாவது காந்தள்தான். இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர். ஜிம்பாப்வேயின் தேசிய மலரும்கூட. புலவர்கள் பெண்ணின் விரலுக்கு ஒப்பிட்ட அதே மலரின் வேருக்கு அருகில், மண்ணுக்குள், உயிரை எடுக்கும் அளவுக்கு நஞ்சு இருக்கிறது என்பதும் குறிஞ்சி நிலத்து மக்களுக்குத் தெரியாமலிருந்திருக்காது.

மருந்தின் கதைக்குப் போகுமுன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மூலிகை என்றதும் நம் வாயில் வருவது, "நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்ற வாக்கியம். கொரோனா ஆண்டுகளில் அதைக் கேட்காத நாளில்லை. வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றுவதுபோல, நோயெதிர்ப்பு என்று ஒரே ஒரு சரக்கு உடம்பில் இருப்பதாகவும், அது குறைந்தால் நோய், நிறைந்தால் நலம் என்றும் அந்த வாக்கியம் நம்ப வைக்கிறது. உண்மை அப்படியில்லை. நம்மை நோயிலிருந்து காக்கிற அதே ஏற்பாடுதான் முடக்குவாதத்தில் மூட்டை அரிக்கிறது, ஆஸ்துமாவில் மூச்சுக்குழலைச் சுருக்குகிறது, முதல்வகை நீரிழிவில் கணையத்தின் இன்சுலின் செல்களைக் கொல்கிறது. அந்த நோயாளிகளுக்கு எதிர்ப்புக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களுக்கு அது மிகை, அல்லது திசை தவறியது.

கரும்பு வெட்டிய வயலில் சருகு கொளுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். கொளுத்துபவன் காற்றின் திசை பார்த்து, ஓரத்தில் மண் அணைத்து, கையில் பச்சைத் தழையோடு நிற்பான். தீ அவனுக்கு வேண்டும். அடுத்தவன் தோட்டத்துக்குப் போகக் கூடாது. அழற்சி என்பது உடல் மூட்டும் அப்படியொரு தீ. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியின் செல்சஸ் அதன் நான்கு அடையாளங்களையும் எழுதி வைத்துவிட்டார். முள் குத்திய இடத்தில் அது மூண்டு, கிருமியைத் தீர்த்து, இரண்டு நாளில் அணைந்தால் நமக்கு நல்லது. அணையாமல் புகைந்துகொண்டே இருந்தால்தான் சிக்கல். அழற்சியை அடக்கும் தாவரப் பொருள் ஒன்று உண்மையில் வேலை செய்கிறதென்றால், அது எதையும் "கூட்டுவதில்லை". தீ பரவும் பாதையில் ஏதோ ஓரிடத்தில் கை வைக்கிறது. எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி.

என் பெரியப்பாவுக்கு ஓர் இரவு வந்த வலியை வைத்து அதைச் சொல்கிறேன். கல்யாண விருந்து முடிந்து வந்து படுத்தவர், விடியற்காலை இரண்டு மணிக்கு அலறி எழுந்தார். வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டு தக்காளிபோல் சிவந்து வீங்கியிருந்தது. போர்வை பட்டாலும் துடித்தார். மின்விசிறிக் காற்று பட்டாலே வலிக்கிறது, நிறுத்து என்றார். தேள் ஏதாவது கொட்டியிருக்குமோ என்று பெரியம்மா படுக்கையை உதறிப் பார்த்தார். அது கௌட். யூரிக் அமிலத்தால் வரும் கீல்வாதம்.

இரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராமைத் தாண்டும்போது, கரைந்திருக்க முடியாமல் படிகமாகத் தொடங்கும். உடலின் ஓரங்கள் குளிர்ந்தவை. குளிரில் கரைதிறன் இன்னும் குறையும். அதனால்தான் பெரும்பாலும் கால் கட்டைவிரல். படிகங்கள் ஊசி வடிவில் இருக்கும். ஊசி குத்துவதால்தான் வலி என்று எண்ணத் தோன்றும். ஆனால் அதே படிகங்கள் வலியே இல்லாமல் மூட்டில் ஆண்டுக்கணக்கில் கிடப்பதும் உண்டு. வலியைக் கொண்டுவருவது படிகத்தைப் பார்த்துவிட்ட வெள்ளணு.

மூட்டுக்குள் காவலிருக்கும் பெருவிழுங்கி செல், அந்த ஊசியைக் கிருமி என்று எடுத்து விழுங்குகிறது. கிருமியாயிருந்தால் செரித்துவிடும். படிகம் செரிக்காது, விழுங்கிய பையையே கிழிக்கும். உடனே செல்லுக்குள் சிதறிக் கிடந்த சில புரதங்கள் ஓடிவந்து சக்கரம்போல் ஒன்றுகூடுகின்றன. இந்தக் கூட்டமைப்புக்கு இன்ஃபிளமசோம் என்று பெயர் வைத்தவர் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யுர்க் சோப். அதில் ஒரு வகையான என்.எல்.ஆர்.பி.3 தான் கௌட்டின் அபாயச் சங்கு என்பதை அவருடைய குழு 2006-ல் காட்டியது. சக்கரம் கூடியதும் ஒரு நொதி விழிக்கிறது. அது இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற செய்திப் புரதத்தை வெட்டி வெளியே அனுப்புகிறது. அந்தச் செய்தி இரத்தக் குழாய்ச் சுவரை எட்டியதும் சுவர் ஒட்டும் தன்மை கொள்கிறது. ஓட்டத்தில் போய்க்கொண்டிருந்த நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் அங்கே ஒட்டி, உருண்டு, உடலைக் குறுக்கிச் சுவரின் இடுக்கு வழியே மூட்டுக்குள் நுழைகின்றன. அவையும் படிகத்தை விழுங்குகின்றன, வெடிக்கின்றன, இன்னும் சிலரை அழைக்கின்றன. பெரியப்பாவின் கட்டைவிரலில் அன்றிரவு நடந்தது இந்தக் கூட்டம்தான்.

மருத்துவர் அவருக்கு எழுதிக் கொடுத்தது அரை மில்லிகிராம் கோல்சிசின் மாத்திரை.

அந்த மாத்திரைக்குப் பின்னால் நெடுங்கதை இருக்கிறது. ஐரோப்பாவில் அதன் மூலம் காந்தள் அல்ல. அதன் உறவுச்செடியான கோல்சிகம். கருங்கடல் ஓரத்துக் கோல்கிஸ் நாட்டின் பெயர் அதில் ஒட்டியிருக்கிறது. அதன் கிழங்கை மூட்டுவலிக்குத் தரலாம் என்று 6-ஆம் நூற்றாண்டில் டிரால்லஸ் ஊர் அலெக்சாண்டர் எழுதினார். பேதி தாங்க முடியாமல் பிற்கால மருத்துவர்கள் அதைக் கைவிட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் நிக்கோலா ஹுசோன் என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் "மருந்துநீர்" ஒன்றை விற்றார். கௌட்டுக்கு அது கேட்டது. 1814-ல் ஆங்கில மருத்துவர் ஜான் வான்ட், அந்த இரகசிய நீர் கோல்சிகம்தான் என்று உடைத்துச் சொன்னார். 1820-ல் பாரிஸின் பெலெத்தியேயும் கவாந்துவும் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் சின்கோனாப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தவர்களும் இந்த இருவர்தான். இரண்டு பேர் ஓர் ஆண்டில் மனித குலத்துக்கு இதற்கு மேல் என்ன செய்துவிட முடியும்!

ஆனால் கோல்சிசின் எப்படி வேலை செய்கிறது என்பது பிறகும் ஒன்றரை நூற்றாண்டு பிடிபடவில்லை. அது யூரிக் அமிலத்தைக் குறைக்கவில்லை. பொதுவான வலிநிவாரணியும் இல்லை. பல்வலிக்கும் தலைவலிக்கும் கேட்காது. மற்ற மூட்டுவலிகளுக்குப் பெரிதாகக் கேட்காத இந்த மருந்துக்கு ஒரு மூட்டுவலி அடங்கினால், அது கௌட்தான் என்று மருத்துவர்கள் தீர்மானித்த காலமும் உண்டு.

துப்பு வேறொரு திசையிலிருந்து வந்தது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பங்கிடும் நூல்களைக் கோல்சிசின் கலைத்துவிடும். செல் பாதி வழியில் அப்படியே நின்றுவிடும். 1930-களின் இறுதியில் தாவர ஆய்வாளர்கள் இதை வைத்துச் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார்கள். இன்றைய விதையில்லாத் தர்ப்பூசணி அந்த வழியில் வந்தது. 1955 இறுதியில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் டியோ, ஆல்பர்ட் லெவன் இருவரும் மனிதச் செல்களைக் கோல்சிசினால் நடுவழியில் நிறுத்தி எண்ணிப் பார்த்ததில்தான் நமக்கு 46 குரோமோசோம்கள் என்பது உறுதியானது. அதுவரை பாடப் புத்தகங்கள் 48 என்று சொல்லிக்கொண்டிருந்தன.

1967-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும், கதிரியக்க ஹைட்ரஜனால் அடையாளமிட்ட கோல்சிசின் செல்லுக்குள் எதைப் போய்ப் பிடிக்கிறது என்று தேடினார்கள். பிரியும் செல்களில் ஒரு புரதம் கிடைத்தது. விந்தணுவின் வாலிலும் அது இருந்தது. யாரும் எதிர்பாராதபடி, பிரியவே பிரியாத நரம்புச் செல்கள் நிறைந்த மூளையில் கொட்டிக் கிடந்தது. அப்படியென்றால் அது செல் பிரிவுக்கு மட்டும் ஆன பொருள் அல்ல. டியூபுலின் என்று பின்னால் பெயர் பெற்ற அந்தப் புரதம், செல்லுக்குள் ஓடும் நுண்குழல்களின் செங்கல்.

நுண்குழல்தான் செல்லின் தண்டவாளம். சரக்கு ஏற்றி இறக்குவதும், செல் தன் வடிவை மாற்றுவதும், ஒரு திசை பார்த்து நகர்வதும் அதை நம்பித்தான். ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு துண்டு சேர்ந்த டியூபுலின் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டுக் குழலாகும். ஒருபுறம் கட்டப்படும், மறுபுறம் பிரிக்கப்படும், ஓயாமல். கோல்சிசின் அந்த இரண்டு துண்டுகளின் இணைப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. துண்டு வளைந்தபடியே நின்றுவிடுகிறது. கோணலான செங்கல் ஒன்றை வரிசையில் வைத்தால் அதன்மேல் அடுத்தது எப்படி உட்காரும்? கட்டுமானம் நிற்கும்.

இப்போது பெரியப்பாவின் கட்டைவிரலுக்குத் திரும்புங்கள். பெருவிழுங்கிக்குள் சிதறிய புரதங்கள் இன்ஃபிளமசோமாகக் கூட வேண்டுமானால் ஓரிடம் வந்து சேர வேண்டும். அதற்குத் தண்டவாளம் வேண்டும். நியூட்ரோஃபில் குழாய்ச் சுவரில் ஒட்ட வேண்டும், உடலைக் குறுக்க வேண்டும், வாசனை பிடித்து நகர வேண்டும். எல்லாவற்றிலும் நுண்குழலுக்குப் பங்குண்டு. ஒரே மூலக்கூறு சங்கையும் ஊதவிடாமல், ஓடிவருபவர்களின் காலையும் கட்டுகிறது.

நம் உடலின் ஏறத்தாழ எல்லா வகைச் செல்களிலும் நுண்குழல் உண்டு. பிறகு ஏன் அரை மில்லிகிராம் விழுங்கியதும் உடல் முழுக்க நின்றுவிடுவதில்லை? பெரும்பாலான செல்களின் சுவரில் பி-கிளைகோபுரதம் என்ற இறைப்பி இருக்கிறது. உள்ளே வந்த அந்நியப் பொருளை அது வெளியே இறைத்துத் தள்ளும். கோல்சிசினும் அப்படித் தள்ளப்படுவதுதான். நியூட்ரோஃபில்களில் அந்த இறைப்பி மிகக் குறைவு. ஆகவே இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு அடர்த்தியில் அந்த வெள்ளணுக்களுக்குள் மட்டும் கோல்சிசின் தேங்குகிறது. எந்தக் கூட்டத்தைத் தடுக்க வேண்டுமோ அந்தக் கூட்டத்திலேயே போய்த் தங்குகிறது. மனிதன் திட்டமிட்டுச் செய்ததல்ல. செடியும் நம்மை நினைத்துச் செய்ததல்ல. மேய வரும் விலங்கை விரட்டச் செடி உண்டாக்கிய நஞ்சு அது. விலங்கின் டியூபுலினை இறுகப் பிடிக்கும் அந்த மூலக்கூறு செடிகளின் டியூபுலினைத் தளர்வாகவே பிடிக்கிறது. அதனால் கொடி தன் நஞ்சில் தானே சாவதில்லை.

அளவு ஏறினால் என்னாகும்? இறைப்பிகள் தோற்கும். அப்போது வேகமாகப் பிரியும் செல்கள் வரிசையாக விழத் தொடங்கும். முதலில் குடல்: சில மணி நேரத்தில் வாந்தி, பேதி. சில நாள்களில் எலும்பு மஜ்ஜை ஓய்ந்து வெள்ளணு, தட்டணு எல்லாம் சரியும். சிறுநீரகமும் இதயமும் தள்ளாடும். தப்பிப் பிழைத்தவர்களுக்கு இரண்டு வாரம் கழித்துத் தலைமுடி கொத்தாக உதிரும்; மயிர்க்கால் செல்களும் ஓயாமல் பிரிபவைதானே. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் வள்ளிக்கிழங்கு என்று நினைத்துக் காந்தள் கிழங்கை அவித்துத் தின்றவர்களுக்கு இப்படி நேர்ந்த விவரங்கள் மருத்துவ ஏடுகளில் இருக்கின்றன. வேகவைத்தாலும் நஞ்சு போவதில்லை. எளிதில் கிடைக்கும் முறிமருந்தும் இல்லை. நம் சித்த மருத்துவர்கள் இந்தக் கிழங்கை நறுக்கி, உப்பிட்ட மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, பகலில் உலர்த்தி, அதையே பல நாள் திரும்பச் செய்துதான் கையில் எடுத்தார்கள். மூலிகையென்றால் பக்கவிளைவே இல்லை என்று இன்று விளம்பரம் செய்பவர்களைவிட அவர்களுக்குச் செடியின்மேல் மரியாதை அதிகம். அந்த மரியாதையை நாம் இழந்துகொண்டிருக்கிறோம் என்பது என் கவலை.

மாத்திரையாக வந்த பிறகும் அளவைக் கற்றுக்கொள்ள நெடுநாள் பிடித்தது. பேதி ஆகும்வரை மணிக்கொரு மாத்திரை என்பதுதான் பல தலைமுறை வழக்கம். 2010-ல் வெளியான ஓர் ஆய்வு இரண்டு அளவுகளை ஒப்பிட்டது. ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும், ஒரு மணி நேரத்தில் 1.8 மில்லிகிராமோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. பேதியோ, முன்னவர்களில் 100-க்கு 77 பேருக்கு. பின்னவர்களில் 23 பேருக்கு. இத்தனை தலைமுறையாகக் கௌட் நோயாளிகள் பட்ட பேதியில் பெரும்பகுதி வீண்.

இன்னோர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோல்சிசினை உடலிலிருந்து அகற்றும் அதே இறைப்பியையும் கல்லீரல் நொதியையும் கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள் அடைத்துவிடும். சளிக்கென்று அதைச் சேர்த்து விழுங்கி இறந்தவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வழக்கமான அளவே மிகையாகலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரை அல்ல இது.

கௌட்டோடு கதை முடிந்திருந்தால் நான் ஓர் அத்தியாயம் எழுதியிருக்க மாட்டேன்.

1972-ல் பாஸ்டன் மருத்துவர் ஸ்டீஃபன் கோல்ட்ஃபிங்கர் ஒரு மருத்துவ இதழுக்குச் சிறு கடிதம் எழுதினார். மத்திய தரைக்கடல் குடும்பக் காய்ச்சல் என்று ஒரு பரம்பரை நோய் உண்டு. துருக்கியர், அர்மீனியர், யூதர், அரபு மக்களிடம் அதிகம். கிருமியே இல்லாமல் திடீர் திடீரென்று காய்ச்சலும் தாங்க முடியாத வயிற்றுவலியும் வரும்; ஆண்டுகள் போகப் போகச் சிறுநீரகம் கெடும். அந்த நோயாளிகளுக்குத் தினமும் கோல்சிசின் கொடுத்தால் வலிப்பொழுதுகள் வருவதே நிற்கிறது என்பது கடிதத்தின் செய்தி. பொறுப்பான மரபணு 1997-ல் தெரியவந்தது. அது உண்டாக்கும் பைரின் என்ற புரதமும் ஓர் இன்ஃபிளமசோமின் உறுப்பு. காரணம் புரிவதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே மருந்து கிடைத்துவிட்டது. அந்த இடைவெளியில் ஆயிரக்கணக்கான சிறுநீரகங்கள் பிழைத்தன.

அடுத்தது இதயம். மாரடைப்பு என்றால் குழாயில் கொழுப்பு படிவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அது பாதிக் கதை. குழாய் அடைப்பு ஓர் அழற்சி நோய் என்று 1999-ல் ரஸல் ராஸ் அடித்துச் சொன்னார். 2010-ல் வந்த கண்டுபிடிப்பு என்னை முதன்முதலில் படித்தபோது நிமிர்ந்து உட்காரவைத்தது. இதயக் குழாய்ச் சுவரில் கொலஸ்ட்ரால் நுண்படிகங்களாகிறது. பெருவிழுங்கிகள் அவற்றை விழுங்குகின்றன. உள்ளே கூடுவது அதே என்.எல்.ஆர்.பி.3 சக்கரம், வெளியே வருவது அதே இன்டர்லூக்கின்-1 பீட்டா. கால் கட்டைவிரலில் ஓரிரவில் கொழுந்துவிட்டு எரிவது, மார்புக்குள் முப்பது வருடம் சத்தமில்லாமல் புகைகிறது. அந்த இன்டர்லூக்கினை மட்டும் பிடித்துவைக்கும் விலையுயர்ந்த ஆன்டிபாடி ஊசியை 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. கொலஸ்ட்ராலைத் தொடாமலே இதயத் தாக்குதல்கள் குறைந்தன. அழற்சியும் குற்றவாளிகளில் ஒருவன் என்பது நிலைபெற்றது.

அப்படியானால் அதே பாதையில் கை வைக்கும் மலிவான பழைய மாத்திரை? கனடாவிலிருந்து வழிநடத்தப்பட்ட கோல்காட் ஆய்வு, மாரடைப்பு வந்து ஒரு மாதத்துக்குள் இருந்த 4,745 பேரைச் சேர்த்தது. தினம் அரை மில்லிகிராம் கோல்சிசின் எடுத்தவர்களில் 5.5 சதவீதத்தினருக்கும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 7.1 சதவீதத்தினருக்கும் மறுபடி தாக்குதலோ அதற்கு நிகரான பாதிப்போ வந்தது. அது 2019. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் நாள்பட்ட இதயக்குழாய் நோயுள்ள 5,522 பேரிடம் நடந்த ஆய்வில் 6.8-க்கு 9.6. இவற்றின் பலத்தில் 2023 ஜூனில் அமெரிக்க மருந்து ஆணையம் இதய நோய்க்கென்றே அரை மில்லிகிராம் கோல்சிசினை அனுமதித்தது.

2024-ல் இந்தக் கோல்சிசின் ஆய்வுகள் இரண்டையும்விடப் பெரிய ஆய்வின் முடிவு வந்தது. மாரடைப்பு வந்த 7,062 பேர். கோல்சிசின் எடுத்தவர்களில் 9.1 சதவீதம், எடுக்காதவர்களில் 9.3. வித்தியாசம் இல்லை என்றே பொருள். மாரடைப்பு வந்த உடனே தருவதற்கும், நாள்பட்ட புகைச்சலுக்கு ஆண்டுக்கணக்கில் தருவதற்கும் பலன் வேறாக இருக்கலாம் என்பது என் எண்ணம். சர்ச்சை தொடர்கிறது. ஒரு தாவரப் பொருளை இந்த அளவுக்குத் துருவி, தோல்வியையும் மறைக்காமல் அச்சிடுவதுதான் அந்தப் பொருளுக்கு நாம் செய்யும் நியாயம் என்று நினைக்கிறேன்.

அந்த நியாயம் மஞ்சளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. மஞ்சளின் எடையில் சுமார் 3 சதவீதமே குர்குமின். ஆய்வகத் தட்டில் வளர்க்கும் செல்கள்மேல் அதை ஊற்றினால் அழற்சியின் கட்டளைச் சாவியான என்.எஃப்.கப்பா-பி அடங்குகிறது, இன்னும் என்னென்னவோ அடங்குகின்றன. கண்டதையெல்லாம் பிடிக்கும் மூலக்கூறு என்பதே அதன் குறை. சோதனைக் கருவிகளையும் அது ஏமாற்றும் என்று மருந்து வேதியியலாளர்கள் 2017-ல் விரிவாக எழுதினார்கள். அதைவிட முக்கியம், விழுங்கிய குர்குமினில் இரத்தத்துக்குப் போய்ச் சேருவது மிகச் சொற்பம். 1998-ல் பெங்களூரில் நடந்த ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் மிளகுச் சாரமான பைப்பரினைச் சேர்த்தபோது இரத்தத்தில் அதன் அளவு 20 மடங்கு கூடியது. பாலில் மஞ்சளோடு மிளகையும் தட்டிப்போட்ட நம் பாட்டிகளை நினைத்து மகிழலாம். ஆனால் இல்லாததற்குச் சமமான ஒன்றின் 20 மடங்கு என்பதையும் மறக்கக் கூடாது. அன்றாடக் குழம்பு மஞ்சளால் யாருக்கும் தீங்கில்லை. உறிஞ்சுதலைக் கூட்டிய அடர் மாத்திரைகளாக அதை விழுங்கியவர்களில் சிலருக்குக் கல்லீரல் வீங்கியிருக்கிறது.

நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு அதைவிடக் குறி தெரிந்தது. என்.எஃப்.கப்பா-பி புரதத்தின் ஒரு பகுதியில் உள்ள குறிப்பிட்ட ஒரு சிஸ்டீனை அது வேதிப் பிணைப்பால் கவ்விக்கொள்கிறது. அந்தப் புரதம் டி.என்.ஏ.வில் உட்கார முடிவதில்லை. கோல்சிசின் போல முகவரி தெரிந்த பொருள். அதற்கும் ஆயிரக்கணக்கானவர்களை வைத்த ஆய்வுகள் நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

சீந்தில் கொடியைப் பற்றியும் ஒரு சொல். 2021-ல் மும்பை மருத்துவர்கள் ஆறு நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். கொரோனாவுக்கு அஞ்சி, எதிர்ப்பு கூட வேண்டும் என்று சீந்தில் சாப்பிட்டவர்கள். மஞ்சள் காமாலையோடு வந்தார்கள். அவர்களுடைய கல்லீரலில் தெரிந்தது, உடலின் எதிர்ப்பே கல்லீரலைத் தாக்கும் நோயின் சாயல். ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவை ஏற்கவில்லை. ஆனாலும், தைராய்டு போன்ற தன்னெதிர்ப்பு நோய் முன்பே உள்ள ஒருவர் எதிர்ப்பைத் தூண்டிவிடும் எதையும் யோசித்துத்தான் தொட வேண்டும். கரும்புச் சருகு எரியும்போது காற்றும் சேர்ந்து வீசினால் என்னாகும் என்பது கொளுத்தியவனுக்குத் தெரியும்.

மூலனூர் தோட்டத்துக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. கோல்சிசினைச் செடி எப்படிப் படிப்படியாகக் கட்டுகிறது என்ற கேள்விக்கு 2020-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விடை கிடைத்தது. எலிசபெத் சாட்லியின் குழு அதற்கு எடுத்துக்கொண்ட செடி நம் செங்காந்தள். ஃபினைல் அலனைன், டைரோசின் என்ற இரண்டு சாதாரண அமினோ அமிலங்களில் தொடங்கும் அந்த வழியின் மரபணுக்களைக் கண்டுபிடித்து, புகையிலையின் உறவுச்செடி ஒன்றின் இலைக்குள் செலுத்தினார்கள். கோல்சிசினுக்கு முந்தைய படியில் உள்ள பொருள் அந்த இலையில் உருவானது. நாளை ஒருநாள் தொழிற்சாலைத் தொட்டியில் ஈஸ்ட் இதைச் செய்யக்கூடும். வியாபாரி சொல்வதே விதையின் விலையாக இருக்கிற, ஓர் ஆண்டு ஏறி மறு ஆண்டு பாதியாகச் சரிகிற இந்தச் சாகுபடிக்காரர்களுக்கு அந்தச் செய்தியை யாராவது நேரத்தோடு சொல்ல வேண்டும்.

அன்று அந்த அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. கால் கட்டைவிரல் திடீரென்று வீங்கிச் சிவக்கும் நோவுக்கு இந்த விதையிலிருந்துதான் மருந்து எடுக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். கையிலிருந்த குச்சி அப்படியே நின்றது.

"எங்கூட்டுக்காரருக்கு அப்படித்தானுங்க வருது. ராத்திரியில துடிச்சுப் போயிருவாரு" என்றார். சற்று யோசித்துவிட்டு, "அப்ப இதுலயே ரெண்டு வெதைய நுணுக்கிக் குடுத்தா ஆவுமுங்களா?" என்று கேட்டார்.

ஆகவே ஆகாது என்றேன். ஒரு கொடியின் விதையில் இருக்கும் அளவு அடுத்த கொடியில் இருக்காது. ஆலையில் அதைப் பிரித்து, நிறுத்து, ஒரு மாத்திரைக்கு அரை மில்லிகிராம் என்று வைப்பதற்குத்தான் இத்தனை பாடு என்று என்னால் முடிந்த மட்டும் விளக்கினேன். யூரிக் அமிலம் எவ்வளவு, சிறுநீரகம் எப்படி என்று முதலில் இரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும், தாராபுரத்தில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறதே என்றேன்.

"திங்கக்கெழம கூட்டிட்டுப் போறனுங்க" என்றபடி அடுத்த பூவுக்கு நகர்ந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது; அவருக்கு இன்னும் நான்கு வரிசை பாக்கி இருந்தது.